நாலாம் வரிசையில் ஓர் ஐந்து

மார்ச் 3, செவ்வாய்

தம்பி புதிரை முடித்துவிட்டான். ஆபீஸிலிருந்து வந்து நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, தாளை நீட்டினான். "அக்கா, பாரு. ஆனா உடனே ஒண்ணும் சொல்லாத."

ஒன்பதுக்கு ஒன்பது கட்டம். அடிப்படை விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஒவ்வொரு வரிசையிலும், ஒவ்வொரு பத்தியிலும், மூன்றுக்கு மூன்று பெட்டி ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் ஒன்பது வரை ஒரு தடவைதான் வரவேண்டும். அதற்கு மேல் இவன் பாம்புகளும் கூண்டுகளும் போட்டிருக்கிறான். பாம்பு என்பது கட்டங்களின் வழியே வளைந்து போகும் கோடு. வாலிலிருந்து தலைக்குப் போகப் போக எண் ஏறிக்கொண்டே போகும். கூண்டு என்பது புள்ளிக்கோட்டால் அடைத்த சில கட்டங்கள். அவற்றின் கூட்டுத்தொகை மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். மற்றவர்கள் தொடக்கத்திலேயே இருபது கட்டங்களையாவது நிரப்பிக் கொடுப்பார்கள். இவன் ஒரு கட்டத்தைக்கூட நிரப்பவில்லை. எல்லாம் வெள்ளை. அதுதான் இவனுக்குப் பெருமை.

நான் வேலை பார்க்கும் வார இதழின் சிறப்பிதழ் நடுப்பக்கத்துக்கு இது போகிறது. புகார் வராமல் இருந்தால் அடுத்த மாதத்திலிருந்து புதிர்ப் பக்கமே 'எறும்பு'க்கு என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். எறும்பு என்பது இவன் வைத்துக்கொண்ட பெயர். எறும்பு என் தம்பி என்று ஆபீஸில் ஒருவருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எட்டு மாதமாக இவன் வாசல் தாண்டவில்லை, முனைக் கடைக்குக்கூட. கட்டட நிறுவனத்தில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு படிக்கட்டின் உயரத்தைத் தப்பாக எழுதிவிட்டான், கட்டிய பிறகு இடிக்க வேண்டியதாயிற்று. யாருக்கும் அடிபடவில்லை. அதைக்கூட இவன் தாங்கியிருப்பான். விசாரித்தபோதுதான் தெரிந்தது, அதற்கு முன் ஒரு வருடமாக இவனுடைய தப்புகளை மேலதிகாரி சத்தமில்லாமல் திருத்தி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். நல்ல பையன், மனசு நோகக்கூடாது என்று இவனிடம் சொல்லவில்லையாம். "எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குக்கா. எனக்கு மட்டும்தான் தெரியல" என்றான். அன்று பின்னறைக்குள் போனவன்தான்.

இந்தப் புதிரைச் சோதிக்கப்போவது நான். பதினேழு வருடமாகப் பிழை திருத்துகிறேன், ஆறு வருடமாகப் புதிரும் பார்க்கிறேன். ஆபீஸ் கணினியில் இருக்கும் சோதனை நிரலுக்குச் சாதாரணக் கட்டம்தான் தெரியும், பாம்பைக் காட்டினால் முழிக்கும். கையால்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

மார்ச் 4, புதன்

இரண்டு மணி நேரம். ஓர் எண்கூட விழவில்லை. பாவி.

மார்ச் 5, வியாழன்

பிடி கிடைத்தது. இடது ஓரத்தில் ஏழு கட்ட நீளப் பாம்பு. ஏழு படி ஏறவேண்டும் என்றால் வாலில் மூன்றுக்கு மேல் வரமுடியாது, தலையில் ஏழுக்குக் கீழே வரமுடியாது. அதே வால் இருக்கும் பெட்டியில் மூன்று கட்டக் கூண்டு ஒன்று, மொத்தம் ஆறு. ஆக ஒன்று, இரண்டு, மூன்று அங்கேயே தீர்ந்தன. வால் அந்தக் கூண்டுக்குள் இருந்தாகவேண்டும் என்று பார்த்தால், இருக்கிறது! சும்மா வளைந்த மாதிரித் தெரிந்த கோடு, போகவேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது. ரசித்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, சொன்னால் கதவோரம் நிற்பவன் முகத்தைப் பார்க்கவேண்டும்.

"எங்க இருக்கே?" என்று மூன்று தடவை கேட்டான்.

"உன் தலையில" என்றேன். சிரித்தான்.

என் வீட்டுக்காரர் குளிர்சாதனப்பெட்டி பழுது பார்க்கிறவர். எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல எங்கப்பா கேஸ் லீக் ஆகுது?" என்றார்.

மார்ச் 7, சனி

முடித்தேன்! நாலு நாள்.

கடைசி முடிச்சை மட்டும் எழுதி வைக்கிறேன், அவ்வளவு அழகு. நாலாம் வரிசை, ஆறாம் வரிசை. இரண்டாம் பத்தி, ஏழாம் பத்தி. இவை சந்திக்கிற நாலு கட்டங்கள் ஒரு சதுரத்தின் நாலு மூலை மாதிரி நிற்கின்றன. எந்தப் பாம்பிலும் இல்லை, எந்தக் கூண்டிலும் இல்லை. மூன்று மூலைகளில் 3 அல்லது 8 மட்டும்தான் வரும். நாலாவது மூலையில் 3, 8, அல்லது 5. அதிலும் 3-8 தான் என்றால் நாலையும் இடம் மாற்றிப் போடலாம், எந்த விதியும் உடையாது, புதிருக்கு இரண்டு விடை வந்துவிடும். நல்ல புதிருக்கு ஒரே விடைதான். ஆகவே அங்கே 5. அதைப் போட்டதும் மிச்சமெல்லாம் மளமளவென்று விழுந்தன.

"ஒண்ணுதானேக்கா?" என்று கேட்டான். விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுதான்."

சோதனைச் சீட்டில் எழுதினேன். விடை எண்ணிக்கை: ஒன்று. கையெழுத்து.

மார்ச் 9, திங்கள்

சீட்டையும் புதிரையும் கொடுத்தேன். ஆசிரியர் வெள்ளைக் கட்டத்தைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். "சிவப்பு மைக்காரர் என்ன சொல்வாரோ" என்றார்.

சிவப்பு மை என்பது ஒரு வாசகர், ஓய்வு பெற்ற நில அளவையாளர். வாரா வாரம் சிவப்பு மையில் கடிதம் போடுவார். நான் விடுப்பில் இருந்தபோது வந்த, முந்தைய புதிர்க்காரரின் ஒரு கட்டத்தில் இரண்டு விடை இருந்ததைக் கண்டுபிடித்து, மூன்று பக்கம் எழுதி, அந்த மனிதரை எழுதுவதையே விட வைத்துவிட்டார். எனக்கு அவர்மேல் பயமில்லை. நான் பார்த்த புதிரில் அவருக்கு இதுவரை ஒன்றும் சிக்கியதில்லை.

மார்ச் 11, புதன்



மாலை நாலு மணிக்கு நடுப்பக்கம் வந்தது. பக்கம் அமைப்பவரிடம், "புதிரை இன்னொரு தடவை யாராவது போட்டுப் பார்க்கட்டுமே" என்று ஒப்புக்குச் சொன்னேன். அவர் தலையைத் தூக்காமல், "நீங்க ஒரே விடைன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க மேடம். அப்புறம் என்ன பாக்கறது? ஒண்ணுதான் இருக்கும்" என்றார்.

நின்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

ஒரே விடை, ஆகவே அங்கே ஐந்து. ஒரே விடை என்று யார் சொன்னது? நான். எதை வைத்து? அந்த ஐந்தை வைத்து. கடையில் வாங்கின புதிரைப் போடுகிறவர்கள் அப்படி யோசிக்கலாம், யாரோ ஏற்கெனவே சோதித்திருப்பார்கள். சோதிக்கிறவளே அப்படி யோசித்தால்? ஆறு வருட அனுபவமாம். தூ.

வீட்டுக்கு வந்து, ஐந்து இல்லை என்று வைத்துப் போட்டேன். எங்கேயாவது உடையும், இதோ அடுத்த கட்டத்தில் உடையும் என்று ஒவ்வொன்றாக நகர்ந்தேன். உடையவில்லை. கடைசிக் கட்டம் வரை நிரம்பியது. அந்த நாலு மூலையையும் இடம் மாற்றினால் இன்னொன்று. ஐந்தோடு ஒன்று, ஐந்து இல்லாமல் இரண்டு. மொத்தம் மூன்று விடை.

சொல்லிவிடலாம் என்று பின்னறைக்குப் போனேன். கண்ணாடிமுன் நின்றுகொண்டிருந்தான், முடியைக் கையால் பின்னுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு. "அக்கா, இதழ் வந்ததும் முடி வெட்டிக்கலாம்னு பாக்கறேன். கடைக்குப் போய்." எட்டு மாதமாகக் கத்தரி படாத முடி. "நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

நாளை மதியம் இரண்டு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போகிறது.

மார்ச் 12, வியாழன்

செய்துவிட்டேன்.

ஆசிரியரிடம் சொன்னால் புதிரை எடுத்துவிட்டுப் பழசு ஒன்றைப் போடுவார். எறும்பின் கதை அதோடு முடிந்தது. சொல்லாமல் விட்டால் சிவப்பு மை. மூன்று விடை என்றால் மூன்று பக்கமா எழுதுவார், புத்தகமே போடுவார்.

பன்னிரண்டரைக்குக் கடைசிப் பார்வைக்குப் பக்கம் என் மேசைக்கு வந்தது. விடுபட்டதைச் சேர்ப்பது என் வேலை. நாலாம் வரிசை இரண்டாம் பத்தியில் பேனாவால் 5 என்று எழுதி, ஓரத்தில் 'விடுபட்டது' என்று குறித்தேன். பக்கம் அமைப்பவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. இரண்டே நிமிடம். அந்த ஐந்தோடு ஒரே விடைதான், இந்தத் தடவை குறுக்கு வழி எதுவும் இல்லாமல் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.

எண்பது வெள்ளைக் கட்டம், நடுவில் ஓர் ஐந்து.

அவனிடம் என்ன சொல்வது?

மார்ச் 13, வெள்ளி

சொல்லவில்லை.

மார்ச் 14, சனி

சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து, "ஒரு எண்கூட இல்லாத கட்டம் இதுக்கு முன்ன உங்க இதழ்ல வந்திருக்காக்கா?" என்று கேட்டான். "இல்லை" என்றேன். பொய் இல்லை.

நாளை இதழ் வரும். கடைக்காரரிடம் தீர்ந்துபோயிற்று என்று சொல்லலாமா? எத்தனை நாளைக்கு? என்ன புத்தி இது.

மார்ச் 15, ஞாயிறு

என் வீட்டுக்காரர் காலையிலேயே போய் மூன்று பிரதி வாங்கி வந்துவிட்டார். "மச்சான், எறும்பு ஊருக்குள்ள கிளம்பிடுச்சு!" என்று வாசலிலிருந்தே கூப்பாடு.

அவன் நடுப்பக்கத்தைப் பிரித்தான். நான் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டேன். தாள் சத்தம் நின்றது.

"இது என்ன அஞ்சு?"

"அச்சுல ஏதோ..." என்று ஆரம்பித்தேன். என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"அக்கா. நீ பாத்த பக்கத்துல ஒரு எண் தானா வந்து உக்காராது."

திரும்பினேன். என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"எத்தனை விடை?"

"மூணு."

இதழை மடித்தான், ஓரம் ஓரமாகச் சரிபார்த்து மடித்தான். மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். இரண்டு பிரதிகள் இன்னும் என் வீட்டுக்காரர் கையில். "என்ன ஆச்சு, எதுக்கு எல்லாரும் இப்படி நிக்கறீங்க?" என்றார்.

மார்ச் 16, திங்கள்

தட்டைக் கதவருகே வைத்தேன். தொடவில்லை. பென்சில்கள் எல்லாம் குப்பைக்கூடையில்.

மார்ச் 17, செவ்வாய்

சாயந்தரம் வெளியே வந்தான். உட்காரவில்லை.

"எப்ப தெரிஞ்சுது?"

"புதன்கிழமை."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் எதிர உக்காந்து சாப்பிட்டே."

"நீ முடி வெட்டிக்கப் போறேன்னு சொன்னே. அந்த நேரத்துல எப்படிடா..."

"அவங்களும் இதேதான் சொன்னாங்க. என் மனசு நோகக்கூடாதுன்னு. அவங்களாவது வெளியாளுங்க. நீ?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "ஆமா, பயந்துட்டேன்! நீ மறுபடி அந்த ரூமுக்குள்ள போயிருவியோன்னு பயந்தேன். என்ன பண்ணச் சொல்றே?"

"நான் போறதும் வர்றதும் என் பாடு. என் தப்பை எங்கிட்ட சொல்லியிருக்கணும்."

"தப்பு உன்னோடது மட்டும் இல்லை" என்றேன். அப்போதுதான் அது வாயில் வந்தது. சனிக்கிழமை எப்படிப் போட்டேன், ஒரே விடை என்று நம்பி எப்படி அந்த ஐந்தை வைத்தேன், எல்லாம் சொன்னேன். பதினேழு வருடத்தில் யாரிடமும் இப்படிச் சொன்னதில்லை. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"இதையும் சேர்த்துத்தான் மறைச்சியா?" என்றான். குரலில் கோபம் இல்லை, வெறுமனே கேட்டான்.

அவன் உள்ளே போனபிறகு யோசிக்கிறேன். யாருக்காக அந்த ஐந்தைப் போட்டேன்? அவனுக்காகத்தான். சத்தியமாக அவனுக்காகத்தான். ஆனால் அதன் கீழே என் கையெழுத்தும் இருந்தது. அது தப்பாகிவிடக்கூடாது என்றும் இருந்தது. இல்லை என்று இங்கேகூட எழுத முடியவில்லை.

மார்ச் 20, வெள்ளி

வீட்டில் நாலு சொல்தான் நடமாடுகிறது. தண்ணி. சாப்பாடு. சரி. வேண்டாம்.

மார்ச் 23, திங்கள்

சிவப்பு மை வந்துவிட்டது. வாசகர் கடிதங்கள் முதலில் என் மேசைக்குத்தான் வரும்.

ஒரே பக்கம். புதிர் அபாரமாம். முப்பது வருடத்தில் இப்படி ஒரு பாம்பைப் பார்த்ததில்லையாம். ஆனால் ஒரு குறை: 'நாலாம் வரிசையில் அச்சிட்டிருக்கும் ஐந்து முற்றிலும் அநாவசியம். அதை மறைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தேன். நாலு மூலைகளைக் கவனித்தாலே அங்கே ஐந்துதான் என்று தெரிந்துவிடும். இல்லாவிட்டால் இரண்டு விடை வந்துவிடுமே. சுத்தமான வெள்ளைக் கட்டத்தில் ஈ உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. எறும்பு போன்றவர் இதைச் செய்திருக்கலாமா?'

இரண்டு தடவை படித்தேன். கிழவர் நான் விழுந்த அதே குழியில் விழுந்திருக்கிறார்! அவரே பாராட்டிவிட்டார், யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. கடிதத்தைக் கோப்பில் போட்டால் முடிந்தது, எறும்புக்குப் பக்கம் கிடைத்துவிடும்.

பையில் எடுத்து வைத்துக்கொண்டேன். என் மேசையில் தம்பி பார்க்காமல் இன்னொரு தாள் கிடக்கவேண்டாம்.

மார்ச் 24, செவ்வாய்

காலையில் கடிதத்தை அவன் கையில் கொடுத்தேன். "உனக்கு வந்தது. நான் படிச்சுட்டேன். மன்னிச்சுக்கோ" என்றேன்.

நின்றபடியே படித்தான். முடித்துவிட்டு மறுபடி மேலேயிருந்து. உதடு கோணியது. அழப்போகிறான் என்று நினைத்தேன், சிரித்தான்.

"இவரும் அங்கயேவா!" என்றான். "அக்கா, நானும் அப்படித்தான் போட்டுப் பாத்தேன். நாலு மூலை, அதனால அஞ்சு. அப்ப மூணு பேரு."

குப்பைக்கூடையை நான் இன்னும் கொட்டவில்லை. அதிலிருந்து ஒரு பென்சிலை எடுத்துத் துடைத்தான். ஆபீஸ் கிளம்பும்வரை எழுதிக்கொண்டிருந்தான். என்ன எழுதுகிறாய் என்று கேட்கவில்லை.

மார்ச் 26, வியாழன்

பதினொரு மணிக்கு வரவேற்பிலிருந்து தொலைபேசி. "எறும்புன்னு ஒருத்தர் வந்திருக்கார்."

ஓடினேன். என் வீட்டுக்காரரின் வேனில் வந்திருக்கிறான். முடியை ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தான். சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. கதவுப்பிடியை விடாமல் பிடித்திருந்தான். கண்ணாடிக்கு வெளியே என் வீட்டுக்காரர், கையில் திருப்புளியோடு. எதற்குத் திருப்புளி என்று அவருக்கே தெரிந்திருக்காது.

ஆசிரியர் அறையில் அவன் உட்கார மறுத்துவிட்டான். "நான்தான் எறும்பு. இவங்க எங்க அக்கா. புதிர்ல மூணு விடை இருந்துது, தப்பு என்னுது. இந்தக் கடிதத்துக்கு நானே பதில் எழுதியிருக்கேன். மூணு விடையும் உள்ள இருக்கு. போடுங்க."

ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் சொல்லவேண்டியதை நான் சொன்னேன். சீட்டில் கையெழுத்து, பக்கத்தில் ஐந்து, 'விடுபட்டது' என்று எழுதின பொய். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஆசிரியர் பேனாவை மூடினார், திறந்தார், மூடினார்.

"ரெண்டு பேரும் போங்க. யோசிச்சுச் சொல்றேன்."

ஏப்ரல் 2, வியாழன்

தீர்ப்பு வந்துவிட்டது. புதிர் சோதனை இனிமேல் என்னிடம் இல்லை. பிழை திருத்தம் மட்டும். கண்டனக் கடிதம் ஒன்று என் கோப்பில். பதினேழு வருடத்தில் முதல் கறை. வலிக்கிறது, வலிக்காமல் என்ன செய்யும். தம்பியின் பதிலை முழுசாகப் போடுகிறார்கள். புதிர்ப் பக்கம் மூன்று மாதத்துக்கு அவனுக்கு, பிறகு பார்க்கலாம் என்கிறார். அவன் புதிர்களைச் சோதிக்கப்போவது யார் தெரியுமா? சிவப்பு மை! ஆசிரியர் நேரில் போய்க் கேட்டாராம். கிழவர் ஒரே நிபந்தனைதான் போட்டாராம்: பேனா அவருடையதாகத்தான் இருக்கும்.

ஏப்ரல் 5, ஞாயிறு

பதில் அச்சில் வந்தது. தம்பி தானே போய் வாங்கி வந்தான். முனைக் கடைக்கு.

ஏப்ரல் 11, சனி

முடி வெட்டிக்கொண்டான். காது தெரிகிறது. என்னோடு இன்னும் அளந்துதான் பேசுகிறான்.

ஏப்ரல் 18, சனி

திங்கட்கிழமை ஒரு தாளைக் கொடுத்தான். "சும்மா போட்டுப் பாரு. சோதனை இல்லை" என்றான். பாம்பு, கூண்டு, கட்டத்துக்குள் நாலே எண்.

இந்தத் தடவை எதையும் நம்பவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் 'இல்லாவிட்டால்?' என்று நின்று நின்று போனேன். நேற்று மாலை வலது கீழ்ப் பெட்டியில் வந்து மாட்டினேன். அங்கே இரண்டு கட்டம், பக்கத்துப் பெட்டியில் இரண்டு கட்டம், நாலிலும் இரண்டும் ஆறும். இப்படிப் போட்டாலும் சரி, மாற்றிப் போட்டாலும் சரி. இரண்டு விடை.

மூன்று தடவை சரிபார்த்தேன். என் கணக்குத் தப்பாக இருக்கக்கூடாதா என்று வேண்டிக்கொண்டேதான் சரிபார்த்தேன். இப்போதுதான் வெளியே போக ஆரம்பித்திருக்கிறான். நேற்று சிவப்பு மைக்காரரோடு தொலைபேசியில் அரைமணி நேரம் சண்டை போட்டுச் சிரித்தான். நானே ஓர் எண்ணை எழுதி, 'இது இங்கே இருந்தால் இன்னும் நல்லா இருக்கும்' என்று நைஸாகச் சொல்லலாம். தோன்றியது. இங்கே எழுதி வைக்கிறேன், தோன்றியது.

இன்று காலை தேநீர் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"ரெண்டு விடை இருக்குடா. வலது பக்கம், கீழ்ப் பெட்டி. தப்பு பண்ணியிருக்கே."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு கை நீட்டித் தாளைத் திருப்பினான். பின்பக்கம், பொடிப் பொடியாக, பென்சிலில் இரண்டு விடையும் இருந்தன. போன ஞாயிற்றுக்கிழமைத் தேதி போட்டிருந்தான்.

"தெரியும்" என்றான். "நீ சொல்றியான்னு பாத்தேன்."

அடிக்கலாம் போல இருந்தது. அழுகையும் வந்தது. "திமிரு" என்று மட்டும் சொன்னேன்.

அவன் எழுந்து பின்னறைக்குப் போய் இன்னொரு தாளோடு வந்தான். "இது ஆபீஸுக்குப் போறது. அவருக்கு அனுப்பறதுக்கு முன்ன நீ பாரு. தப்பு இருந்தா சொல்லு."

எண்பத்தொரு கட்டமும் வெள்ளை. பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவனும் உட்கார்ந்தான்.